கீழிமை

முப்பத்தொரு வருடம் லிஃப்ட் பழுது பார்த்தவன் நான்.
ரியேக்கா நகரில் நான் ஏறி இறங்காத கட்டடம்
இரண்டோ மூன்றோதான் இருக்கும்.
ஓய்வு பெற்றதும் இஸ்த்ரியாவின் செம்மண்ணில்
துண்டு நிலம் ஒன்று, ஆடுகள் இரண்டு.
ஒன்றுதான் வாங்குவதாக இருந்தோம்.
"ஒற்றை ஆடு கத்தியே உங்களைக் கொன்றுவிடும்" என்றான் விற்றவன்.
வியாபாரப் பேச்சு என்று நினைத்தேன்.
அவன் சொன்னதில் அது ஒன்றுதான் உண்மை.

பழுப்பு ஆட்டுக்குத் தரைத்தளம் என்று பெயர் வைத்தேன்.
எந்நேரமும் சுவர்மேல் நிற்கும் வெள்ளை, மொட்டைமாடி.
நெவெங்கா ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை.
பிறகு அவளும் அப்படியே கூப்பிட்டாள்.

கிணற்றைச் சுற்றி இருந்த புல்லை,
குட்டையாய், ஈரமாய், பச்சைப் பசேலென்று இருந்ததை,
அவற்றுக்கென்றே வேலி கட்டிக் கொடுத்தேன்.
கல்சுவருக்கு அப்பால் முள், புதர், காய்ந்த இலை.
அங்கே போகத்தான் இரண்டும் கழுத்தை நீட்டின.
நன்றி கெட்டதுகள் என்றேன்.

செப்டம்பர் மழை விட்ட காலையில்
மொட்டைமாடி சுவர்மேல் இல்லை.
மூலையில், முகத்தைக் கல்லுக்குக் கொடுத்து நின்றது.
தாடைக்குக் கீழே நீர்ப்பை போல ஒரு வீக்கம்.
கழிச்சல் இல்லை. புழுக்கை உருண்டையாகத்தான் இருந்தது.
அதனால் ஒன்றுமில்லை என்று
அரை நாள் சும்மா இருந்தேன்.
அந்த அரை நாளை எங்கே எழுதுவது?

டாக்டர் ஒரியெட்டா தொலைபேசியில்:
"கீழிமையை இழுத்துப் பாருங்கள். என்ன நிறம்?"
வெள்ளை.
"எந்த வெள்ளை?"
எண் தேய்ந்து அழிந்த பழைய லிஃப்ட் பட்டன் போல.
"மற்றதற்கு?"
தர்பூசணித் துண்டு.
"சூடு?"
முப்பத்தெட்டு புள்ளி இரண்டு. நல்ல சூடுதானே?
"உங்களுக்கு நல்லது. அதற்குக் குறைவு.
நமக்குக் காய்ச்சல் என்பது ஆட்டுக்குச் சௌக்கியம்.
வயிற்றில் புழு ரத்தம் குடிக்கிறது. எங்கே மேய்ந்தது?"

சொன்னேன்.
மறுமுனையில் யாரோ பேனாவை மூடும் சத்தம்.
"ஈரப் புல்லின் அடியில்தான் அந்தப் புழுக்குஞ்சு இருக்கும்.
ஆட்டின் வாய் தோள் உயரத்துக்குப் படைத்தது.
நீங்கள் அதைக் குனிய வைத்தீர்கள்."

மருந்துக்கு நெவெங்கா பாசின் வரை காரோட்டினாள்.
போகுமுன் தையல் டேப்பால் நெஞ்சைச் சுற்றி அளந்தாள்,
எழுபத்தாறு; ஏறக்குறைய நாற்பது கிலோ.
எடை தெரியாமல் ஊற்றக் கூடாதாம்.
நான்கு பேர், முந்நூற்றிருபது கிலோ என்ற தகட்டை
ஏறுகிறவர்களில் யாரும் படித்ததில்லை.
நான் தினம் படித்தேன். இருந்தும் ஆட்டைத் தூக்கிப் பார்த்ததில்லை.

முதல் வாய் ஊற்றும்போது தலையை அண்ணாத்திப் பிடித்தேன்.
இருமியது. கண் பிதுங்க இருமியது.
"நேராக, நேராக! நுரையீரலுக்குப் போகும்" என்று
நெவெங்கா என் கையைத் தட்டிவிட்டாள்.
மீதியை அவள்தான் கொடுத்தாள், கடைவாயோரம், கொஞ்சம் கொஞ்சமாக.

இரவு வைக்கோலில் உட்கார்ந்தேன்.
இரண்டு மாடிக்கு நடுவே லிஃப்ட் நின்றுபோனால்
உள்ளே இருப்பவரிடம் கதவு வழியாகப் பேசுவேன்.
கருவியை விட அதுதான் முதலில்.
பயப்படாதீர்கள். காற்று வரும்.
கதவை உதைக்காதீர்கள். நான் இங்கேதான் இருக்கிறேன்.
உங்கள் பெயர் என்ன? வீட்டில் என்ன சமையல்?
அதையே கேட்டேன்.
தரைத்தளம் அருகில் படுத்து
எல்லாவற்றுக்கும் அசைபோட்டது.

விடியலில் இடப்பக்க விலாவுக்குப் பின்னால் காதை வைத்தேன்.
வெகு நேரம் ஒன்றுமில்லை.
பிறகு ஆழத்தில், கிணற்றடி மோட்டார் போல,
ஒரு உறுமல்; ஒரு சுழற்சி.
நிறுத்தம்.
மறுபடியும்.

இமை இன்னும் வெள்ளைதான்.
நிறம் ஏற வாரங்கள் ஆகும், பத்தாம் நாள் புழுக்கையைச்
சோதனைக்குக் கொண்டுவாருங்கள் என்றார் டாக்டர்.
நாள்காட்டியில் சனிக்கிழமைகளை வட்டமிட்டேன்:
கீழிமை, இரண்டுக்கும்.

அப்புறம் கல்சுவரில் கை வைத்தேன்.
எண்பது சென்டிமீட்டர், ஒரு கதவின் அகலம்.
தரைத்தளம் முதலில் போனது.
மொட்டைமாடி வாசலில் நின்று
மேலே பார்த்தது, கீழே பார்த்தது.
நான் ஒதுங்கி வழி விட்டேன்.